காலி வண்டி ஓட்டாதவர்

திருத்தணியில் என் சாமான்கள் எனக்கு ஒரு வாரம் முன்பே குடியேறிவிட்டன. கனகம்மாசத்திரத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்திருந்தது. திருத்தணியில் ஒரு மாடி வீட்டைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டுக் காஞ்சிபுரம் திரும்பியிருந்தேன். மறுநாள் மதியமே வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. ஏதோ லோடு இறக்கக் காஞ்சிபுரம் வந்தாராம்.

"வண்டி காலியா கீது டீச்சர். சாமானை ஏத்திக்கலாமா?"

நான் இன்னும் ஒரு கரண்டியைக்கூடக் கட்டவில்லை என்றேன். கட்டவே வேண்டாம், அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார். வந்தார், தூக்கினார். கட்டில், பீரோ, இட்லிப் பானை எல்லாம் அவருடைய லோடு ஆட்டோவில் ஏறிவிட்டன. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டைக்கூட விட்டுவைக்கவில்லை. பழைய பள்ளியில் எனக்கு இன்னும் ஒரு வாரம் வேலை பாக்கி. அந்த வாரம் முழுவதும் பக்கத்து வீட்டுப் பாயில் படுத்து, அவர்கள் வீட்டுத் தட்டில் சாப்பிட்டு, பழகிக்கூடப் பார்க்காத அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே விஷயம் காலி வண்டி. திருவாலங்காட்டுப் பக்கம் உர மூட்டை கொண்டுபோனால் வரும்போது காய்கறி இருக்க வேண்டும். மலைமேல் கடைகளுக்கு வாழைத்தாரும் பூவும் ஏற்றிப் போனால், இறங்கும்போது படி இறங்க முடியாத கிழவிகள் நாலு பேரை உட்காரவைத்துக் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விடுவார். துக்க வீட்டுக்குப் போய்விட்டு ஒருமுறை கரும்புக் கட்டோடு வந்து இறங்கினார். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அரை மணி நேரம் வைதாள்.

வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்தக் கணக்கை அவர் வாழ்க்கை முழுவதற்கும் போட்டுவைத்திருந்தார். முடி வளர்ந்து காதை மறைத்தால் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொள்வார். சலூனுக்கு ஒரு நடை, மலைக்கு ஒரு நடை என்று தனித்தனியாக எதற்கு என்பார். அதனால் அவரை நான் முழு முடியோடு பார்த்த நாட்கள் குறைவு. என்னோடு மளிகைக் கடைவரை சும்மா நடந்து வந்தால்கூட, திரும்பும்போது யார் வீட்டுக்கோ ஒரு கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்.

டாக்டர் விஷயத்தில்தான் இந்தக் கணக்கு வினையாகிப்போனது. டாக்டரிடம் போவதற்கு முன்பே டெஸ்ட் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அதை எனக்கு ஒருநாள் மாடிப்படியில் நின்று விளக்கினார். "வெறுங்கையோட போனா இன்னா பண்ணுவாரு? ப்ளட் டெஸ்ட் எட்த்துகினு வான்னுவாரு. அப்பால திரும்ப ஒருவாட்டி போவணும். நான் முன்னாடியே எட்த்துகினு போய்ட்டா ஒரே ட்ரிப்." கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். ஆனால் டெஸ்ட் எடுத்தபின் தாளில் அளவு தப்பியதைக் காட்டும் தடித்த எழுத்து ஏதும் இல்லையென்றால், உடம்பு சுத்தமாக இருக்கிறது என்று தானே முடிவுசெய்து அந்த ஒரு ட்ரிப்பையும் மிச்சம் பிடித்துவிடுவார். டாக்டர் முகத்தை அவர் கடைசியாகப் பார்த்தது மகள் பிறந்தபோது என்று அவர் மனைவி சொல்வாள்.

டெஸ்ட்டுக்கு அவர் தேர்ந்தெடுக்கும் நாள் இன்னும் விசேஷம். மாதாமாதம் கிருத்திகைக்கு விரதம் இருப்பவர். எப்படியும் வயிறு காலி. அதைச் சும்மா விடலாமா? மலையிலிருந்து இறங்கும் வழியில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லேபில் கையை நீட்டிவிட்டு வருவார். விரதத்துக்கு விரதமும் ஆயிற்று, சுகர் டெஸ்ட்டுக்கு டெஸ்ட்டும் ஆயிற்று. ரிப்போர்ட் வந்ததும் மாடிக்கு எடுத்துவருவார். நான் கணக்கு டீச்சர், அதில் இருப்பதும் நம்பர், அப்புறம் என்ன என்பது அவர் நியாயம். எனக்குத் தெரிந்த நம்பர் வேறு என்று எத்தனையோ தடவை சொல்லிப்பார்த்தேன். அவர் தாளைப் பார்த்துத் தானே தலையாட்டிக்கொண்டு இறங்கிப் போவார்.

இந்த மனிதர் தெரிந்தே காலி வண்டி ஓட்டியது ஒருவருக்காகத்தான். தெருக்கோடி வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை திருவள்ளூருக்கு டயாலிசிஸ். பின்னால் மெத்தையைப் போட்டு அவரைப் படுக்கவைத்து இவர்தான் கூட்டிப்போவார். திரும்பும்போது ஒரு கூடை தக்காளிகூட ஏற்றமாட்டார். மெத்தையில் கிடப்பவர் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்பார். கடைசியில் அந்த ஆள் பிழைக்கவில்லை. கண் மூடுவதற்குள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று, பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்த தன் மகளை அவசர அவசரமாக யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கல்யாணச் சாமான்களை ஏற்றிப்போனதும் இவர் வண்டிதான்.

வீட்டுக்காரருக்கும் ஒரே மகள். அப்பாவை 'நைனா' என்று கூப்பிடும், அதிகம் பேசாத பெண். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கி, சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் வேதியியலுக்கு இடம் வாங்கியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அவர் இதைச் சொன்னார். தெரியாதவர்கள் வண்டியில் ஏறினால், அவர்களாகக் கேட்கும்வரை பொறுக்காமல் அவரே பேச்சை அந்தப் பக்கம் திருப்புவார்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அவர் புஷ்பக் காவடி எடுத்தார். மகளுக்குச் சீட் கிடைத்ததற்கான வேண்டுதல். சாதாரணக் காவடியா அது? பூவும் மூங்கிலுமாக ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. முந்தின நாள் பரணியிலிருந்தே அன்னம் தொடவில்லை. கிருத்திகை அன்று தண்ணீரும் வேண்டாம் என்றுவிட்டார். பம்பை அடிக்க அடிக்க, அந்த வெயிலில், படிக்கட்டு நெடுக ஆடிக்கொண்டே ஏறினார். சட்டை போடாத தோளில் காவடிக் கட்டை பதிந்து ரத்தம் கட்டியிருந்ததை நானே பார்த்தேன். தரிசனம் முடிந்து கூட்டத்தில் சிக்கி வீடு வந்துசேர வெகுநேரம் ஆகிவிட்டது. மனைவி இலை போட்டு வைத்திருந்தாள். அவர் உட்காரவில்லை.

ஏனென்றால் லேபில் ஆடித் தள்ளுபடி. துணிக்கடைக்காரர்கள் போடுவதைப் போல அவர்களும் நோட்டீஸ் அடித்துவிட்டிருந்தார்கள். தலை முதல் கால்வரை எல்லா டெஸ்ட்டும் ஒரே பேக்கேஜ், மறுநாளோடு கடைசி. இவ்வளவு பட்டினி கிடந்தாகிவிட்டது, இன்னும் ஒரு ராத்திரி தாங்கினால் அந்த வேலையும் முடிந்துவிடுமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோள்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையை மட்டும் கொஞ்சம் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தார். காலையில் இன்னொன்று. லேபில் இருந்த பெண் சாப்பிட்டீர்களா என்று மட்டும்தான் கேட்டாளாம். வெறும் வயிறுதான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ரத்தம், சிறுநீர் எல்லாம் கொடுத்துவிட்டு வந்தார்.

ரிப்போர்ட் அடுத்த நாள் போனுக்கு வந்தது. இந்தத் தடவை தடித்த எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. யூரியா கூடுதல், கிரியாட்டினின் கூடுதல், லிவரில் ஏதோ ஒன்று கூடுதல், சிறுநீரில் புரதம். கிரியாட்டினின் என்ற வார்த்தை அவருக்குப் புதிதல்ல. திருவள்ளூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து கேட்ட வார்த்தை. அன்று அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வரவில்லை. அதிலிருந்தே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அன்றைக்கே நகரிக்குப் போன் போட்டார். அங்கே அவர் மச்சான் தறி போட்டிருக்கிறார். மச்சானுக்கு ஒரு மகன், முறைப்பையன். ஞாயிற்றுக்கிழமை வந்து பாப்பாவுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார். காலேஜில் சேர வேண்டிய நாள் திங்கட்கிழமை. அப்புறம்தான் மனைவியையும் மகளையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். வண்டியையும் விற்றுவிடலாம் என்றாராம்.

அந்தப் பெண் மாடிக்கு வந்தாள். காலேஜைப் பற்றி அழப்போகிறாள் என்று நினைத்து நான் அதற்குத் தயாராக இருந்தேன். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "நைனா செத்துடுவாரா டீச்சர்?" என்றுதான் கேட்டாள்.

கீழே போய் அவரோடு சண்டை போட்டேன். டாக்டரைப் பார்க்காமல் என்ன முடிவு இது என்றேன். அவர் கோபப்படவில்லை. ரிப்போர்ட்டே சொல்லிவிட்டது, டாக்டர் புதிதாக என்ன சொல்லப்போகிறார் என்றார். மெத்தையில் படுத்துத் திருவள்ளூருக்குப் போகிற காலம் தனக்கும் வந்துவிட்டது, அதற்குள் பெண்ணை ஒரு இடத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்று, வாடகை லோடு பேசுகிற அதே குரலில் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயமும் வந்தது, ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்று.

சண்டை போட்டு ஆகாததை அவர் மனைவி சாதித்தாள். நகரி அவள் பிறந்த வீடு, மாப்பிள்ளை அவள் அண்ணன் மகன், அவளுக்கு வேண்டாத சம்பந்தம் இல்லை. ஆனாலும் பாப்பா படிக்கட்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் தனக்கு முட்டி வலி தாங்கவில்லை, ரயில்வே கேட் பக்கத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போ என்றாள். பெண்டாட்டியின் முட்டி வலிக்கு அவர் உடனே சாவியை எடுத்தார். துணைக்கு என்று என்னையும் இழுத்து முன் சீட்டில் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டாள். அவள் முட்டியை டாக்டர் பார்த்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, கணவரின் தோளைப் பிடித்து அதில் அமுக்கினாள்.

"வந்ததே வந்துட்ட. வூட்டுக்குத் திரும்புறப்போ சும்மாவா போவ? நீயும் காட்டிட்டு வா."

எழப்போனவர் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வீட்டுக்காரர் நீட்டிய போனை வாங்கி, பார்க்காமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். உங்களுக்கு என்ன தொந்தரவு என்று கேட்டார். தொந்தரவு ஏதும் இல்லை, ரிப்போர்ட்தான் மோசமாக இருக்கிறது என்றார் இவர். தொந்தரவு இல்லாதவர் ஏன் டெஸ்ட் எடுத்தீர்கள் என்றார் டாக்டர்.

"விரதம் இருந்தேன் மேடம். வயிறு காலியா இருந்திச்சு. அதான்."

டாக்டரம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. எத்தனை நாள் விரதம், தண்ணீர் குடித்தீர்களா, முந்தின நாள் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காவடி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவு கனம், எவ்வளவு நேரம் ஆடினீர்கள், மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்டு, தோளைத் திறந்து பார்த்தார். கால் வீங்குகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு உண்டா என்றும் கேட்டார். அதற்கெல்லாம் பிறகுதான் போனைத் திருப்பிப் பார்த்தார்.

சோறு தண்ணி இல்லாமல், வெயிலில், அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஆடினால் தசையெல்லாம் அடிபட்டுப்போகும், அது ரத்தத்தில் தெரியும், சிறுநீரிலும் தெரியும் என்றார். அதற்குமேல் வலி மாத்திரை வேறு. இந்த நம்பர்கள் உங்கள் கிட்னியைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் காவடியைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன என்றார். முன்னாடியே என்னிடம் வந்திருந்தால் இந்த வாரம் டெஸ்ட்டே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், எடுத்ததில் பாதி உங்களுக்குத் தேவையும் இல்லை என்றார். ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் இப்போதே சொல்லமாட்டேன் என்றார். வலி மாத்திரையை நிறுத்தி, நன்றாகத் தண்ணீர் குடித்து, வழக்கம்போலச் சாப்பிட்டு, பாரம் தூக்காமல் ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள், ரத்தத்தில் இரண்டு டெஸ்ட்டும் சிறுநீரும் மட்டும் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். போகும்போது கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். அது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அத்தனை டெஸ்ட் எடுத்த பேக்கேஜில் யாரும் அவர் பிரஷரைப் பார்த்திருக்கவில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. நாளைக்கு நகரியிலிருந்து பூ வைக்க வருகிறார்கள் என்றார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவர் மனைவிதான் தெருக்கோடி ஆளில் ஆரம்பித்து, திங்கட்கிழமை காலேஜ்வரை சொல்லி முடித்தாள். டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிப்போர்ட் உங்களோடது. மருந்தை ஏங்க பொண்ணுக்குக் குடுக்கிறீங்க?"

அவர் போனை வாங்கிக்கொண்டு எழுந்தார். வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, எங்களை இறங்கச் சொல்லாமலே போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். எனக்கு வெற்றிலை பாக்கு மாற்றுகிற பேச்சுத்தான் காதில் விழும் என்று பயந்துகொண்டிருந்தேன். தெலுங்கும் தமிழுமாகக் கொஞ்சம் குசலம் விசாரித்துவிட்டு, "ஆங், நாளைக்கு வர வேணாம். பாப்பா படிக்கப் போவுது" என்றார். அந்தப் பக்கத்தில் சத்தம் கேட்டது. தன் மறு டெஸ்ட்டின் ரிசல்ட் இன்னும் வரவில்லை, அது எப்படி வந்தாலும் பாப்பா காலேஜுக்குப் போகும் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதிகாலை மின்சார ரயிலில் மூன்று பேரும் போனார்கள். பாரம் தூக்கக் கூடாது என்பதால் பெட்டியை மகள்தான் தூக்கினாள். அவர் தண்ணீர் பாட்டிலை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். ரயில் நகர்கிறவரை ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமும் பயமுமாக இருந்தது அந்த முகம். காலேஜில் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுவிட்டு மற்ற இருவரும் சாயங்காலம் திரும்பினார்கள்.

அந்த ஒரு வாரம் வீடு வீடாகவே இல்லை. அவர் வண்டியை எடுக்காமல் வாசலில் உட்கார்ந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். அடுத்த சனிக்கிழமை லேபில் கொடுத்துவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை பள்ளி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக கிளினிக்குக்குப் போனேன். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரிப்போர்ட் காலையிலேயே போனுக்கு வந்துவிட்டதாம். என்ன போட்டிருக்கிறது என்று அவசரமாகக் கேட்டேன். திறக்கவே இல்லை என்றார்.

"தொறந்தா நானே தீர்ப்பு சொல்லிடுவேன் டீச்சர். போனவாட்டி நான் சொன்ன தீர்ப்புல பாப்பா படிப்பே போயிருக்கும்."

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா போனை வாங்கி, முதலில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார், பிரஷர் பார்த்தார், பிறகுதான் திறந்தார். கிட்னி நம்பர் இறங்கி அதன் இடத்துக்கு வந்திருந்தது. லிவரும் அப்படியே. சிறுநீர் சுத்தம். பிரஷர்தான் இன்னமும் கொஞ்சம் கூடுதல், உப்பைக் குறைத்துவிட்டு அடுத்த மாதம் வந்து காட்ட வேண்டும் என்றார். அடுத்த ஆடிக்குக் காவடி எடுக்கலாமா என்று இவர் கேட்டார். எடுக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒருமுறை என்னை வந்து பாருங்கள், தண்ணீர் குடித்துவிட்டு ஆடுங்கள் என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. காலேஜிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பாள் என்றேன். மறுபடி போட்டார், மறுபடியும் எடுக்கவில்லை. குரலைப் பதிந்து அனுப்பலாமே என்று பட்டனைக் காட்டிக் கொடுத்தேன். அதை அமுக்கிப் பிடித்து வாயருகே வைத்துக்கொண்டார். முதலில் ரயில்வே கேட்டில் நின்ற வண்டிகளின் சத்தம்தான் அதில் பதிவாகிக்கொண்டிருந்தது. மனைவி அவர் முதுகில் கை வைத்தாள்.

"பாப்பா... நைனா நல்லா கீறேன். டாக்டரம்மா பாத்து சொல்ட்டாங்க. நீ படிம்மா."